நெத்தியோட நிறுத்துங்கோ

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே, ஒரு வெள்ளைக் காகித டேப் சுருள் இருக்கிறது. மருத்துவமனையில் பஞ்சை ஒட்டிவைப்பார்களே, அந்த டேப். ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது, பசையும் பாதி போய்விட்டது. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களில் யாராவது ஒருவர் அது தவறி அங்கே வந்துவிட்டதென்று நினைத்து எடுக்கப் போவார். "அது அங்கேயே இருக்கட்டும்" என்று என் மனைவி முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். என்னிடம் காரணம் கேட்டால் காபி ஆறும்வரை பேசுவேன் என்று அவளுக்குப் பயம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இங்கே ஆறுவதற்கு ஒன்றுமில்லை. அந்த டேப்பை எனக்குக் கொடுத்தவர் ஒரு தாதி. அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் தாதிகளை மிஸ்ஸி என்று கூப்பிட்டுப் பழக்கம். நானும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டேன், இப்போது நினைக்கும்போதும் அந்தப் பெயரில்தான் நினைக்கிறேன்.

நான் கிராஞ்சியில் ஒரு செடித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். நாற்றுகளுக்கு நான் பொறுப்பு. தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே மூக்குக்கண்ணாடி போட்டவன். பசுமைக்கூடத்துக்குள் நுழைந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்துப் போட்டால் வேர்வையில் நழுவும். குனிந்தால் தொட்டிக்குள் விழும். இருபது வருடம் இப்படியே ஓட்டிவிட்டு, நாற்பதை நெருங்கும்போது லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தேன். "வேலைக்கு இடைஞ்சலா இருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலைக்கா, போட்டோவுக்கா?" என்று கேட்டாள். இரண்டுக்கும்தான். அதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

சிகிச்சை என்னவோ நான் வரிசையில் நின்று சாப்பாடு வாங்குகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கருவிழியின் மேல்பரப்பில் மெல்லிய மூடி மாதிரி ஒன்றை வெட்டித் தூக்கி, அடியில் லேசரால் சரிசெய்துவிட்டு, மறுபடி மூடி வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து எதிர் அடுக்குமாடி புளோக்கின் எண்ணைக் கண்ணாடி இல்லாமல் படித்தேன். அதற்கும் அடுத்த புளோக்கின் எண்ணைப் படித்தேன். மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் காதுத் தோட்டில் எத்தனை கல் என்று எண்ணிச் சொன்னேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டதா என்று திட்டு வாங்கினேன். அந்த வாரம் முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கட்டுப்பாட்டில் ஒரு குறை வைக்கவில்லை. கண்ணைக் கசக்கக் கூடாது, தொடக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, மண் பக்கம் போகக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். மகளுடைய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குளித்தேன். தூங்கும்போது கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் கவசம். சொட்டு மருந்துக்குக் கைப்பேசியில் மணி. "பரீட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா டாக்டராவே ஆகியிருக்கலாம்" என்றாள் மனைவி. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மூன்றாவது வாரம் வலது கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஓர் உறுத்தல் வந்தது. கண் காய்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். வெளிச்சம் கூசியது, கூடத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். சிவந்தது, தூக்கமில்லை என்றேன். இப்படியே நான்கு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் எதிர் புளோக்கே வலது கண்ணுக்குத் தெரியவில்லை. மனைவி உடனே டாக்சியைக் கூப்பிட்டாள். அவள் கேலி செய்யாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

பெரிய மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் மெல்லிய குரலில் பேசும் ஒரு சீன டாக்டர். கருவிக்குள் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். அந்த மூடிக்கு அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது, கிருமி உள்ளே போயிருக்கிறது என்றார். கண்ணைத் தொட்டீர்களா, தண்ணீர் பட்டதா, தோட்டத்துக்குப் போனீர்களா என்று அடுக்கிக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. இன்னொரு முறை கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீச்சல் கண்ணாடி போட்டுக் குளித்தவனிடம் என்ன கேள்வி இது என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மருந்துக்குக் கட்டுப்பட்டால் நல்லது, கட்டுப்படாமல் பரவினால் அந்தக் கண்ணின் கருவிழியை எடுத்துவிட்டு வேறொருவருடையதை வைக்க வேண்டி வரலாம், அதன் பிறகும் எவ்வளவு பார்வை இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். போட்டோவுக்கு அழகாக இருக்கப் போய் ஒரு கண்ணையே கொடுத்துவிட்டு வரப்போகிறேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். மூடியைத் தூக்கி, சுரண்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். பகலில் பெரும்பாலும் அதைச் செய்தவர் மிஸ்ஸி. ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது, குள்ளம், நடையில் ஒரு வேகம். முகத்தில் எப்போதும் மாஸ்க். அதற்கு மேலே இரண்டு கண், இடது புருவத்துக்கு மேல் மிளகு அளவில் ஒரு மச்சம். அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவராம். வீடு காத்தோங் பக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச். மூன்று தலைமுறை இங்கேயே ஆகியும் வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. "மேல பாருங்கோ. இமைக்க வேண்டாம்" என்பார். நான் மேலே பார்ப்பதற்குள் மருந்து விழுந்திருக்கும். கண்ணில் தீ வைத்த மாதிரி எரியும். கத்த வாயைத் திறந்தால், "முடிஞ்சுது லா" என்று இந்த ஊர் ‘லா’வையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

அவர் கை கழுவுவதை நான் இடது கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதில் ஒரு முறை இருந்தது. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலைச் சுற்றி, மணிக்கட்டு வரை. யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார், ஆனால் கை தன் வேலையை விட்டுவிடாது. ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி, எத்தனை தடவை! எந்தத் தடவையும் அவசரத்தில் பாதியில் விட்டு அவர் வந்ததை நான் பார்க்கவில்லை. யாரும் கவனிக்காத வேலையை ஒரே மாதிரி செய்கிறவர்களை நான் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை. என் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்களை வைத்துத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்து.

ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் ஒரு சோதனை வைப்பார். என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்து, குனிந்து, "என் மச்சம் தெரியுதா?" என்பார். வலது கண்ணில் வெள்ளையாக ஏதோ அசையும், அவ்வளவுதான். "தெரியல மிஸ்ஸி." "பொய் சொல்லாம தெரியலன்னு சொல்றீங்க பாருங்கோ, அதுவே நல்லது. மச்சம் தெரியுற அன்னைக்குக் கேக் வாங்கித் தாங்கோ." மூன்றாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டுப் புள்ளி குறையவில்லை என்றார். பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் போன பிறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதேன். மிஸ்ஸி வந்து நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "இப்பதான் மருந்து விட்டேன். அழுறதா இருந்தா பத்து நிமிஷம் கழிச்சு அழுங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து அழத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி கோவிலுக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு, விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் வாங்கினேன். அப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "நில்லுங்கோ!" என்று ஒரு குரல். மிஸ்ஸி டிராலியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? விபூதி வாங்கினேன்."

"வாங்கினதுக்குப் பிறகு?"

"ஒண்ணும் செய்யலியே."

"பொட்டலத்தைக் கீழ வைங்கோ. திரும்ப எடுங்கோ. எப்பவும் எடுக்கிற மாதிரி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே வைத்து, மறுபடி எடுத்தேன். கை தானாக மேலே போனது. பொட்டலம் முதலில் வலது இமையில், பிறகு இடது இமையில். அங்கேயே நின்றுவிட்டேன். என் கை என் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க... நீங்க தினமும் செய்வீங்களே" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கண்ணில் ஒற்றிக்கொள்வதை நாம் கண்ணைத் தொடுவதாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கசக்குவது வேறு, தொடுவது வேறு, இது வேறு. கற்பூரத் தட்டு வந்தால் அனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோம். காலில் புத்தகம் பட்டால் தொட்டு ஒற்றுகிறோம். தோட்டத்து வேனை ஓட்டும் முன் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றுவேன். டாக்டர் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், சத்தியமும் செய்திருப்பேன். மிஸ்ஸி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிகிச்சை நடந்த நாளிலிருந்து எங்கெங்கே இப்படிச் செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார். தினமும் காலையில் வீட்டுச் சாமியிடம். பிறகு மனைவிக்குத்தான் ஞாபகம் வந்தது: ஆறாவது நாள், கிளமெண்டியில் அவள் அண்ணனுடைய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். கலசத் தண்ணீரை மாவிலையால் தெளித்தார்கள். தெளித்தபோது நான் ஜாக்கிரதையாகப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். ஆனால் பூஜை முடிந்து கையில் தீர்த்தம் கொடுத்தபோது, வாங்கிக் குடித்துவிட்டு, ஈரக் கையை எங்கே துடைத்திருப்பேன்? எப்போதும் துடைக்கிற இடத்தில்தான். கண்ணிலும் தலையிலும்.

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், நன்றாகப் படித்தவர்கள்கூட, இந்தக் காலத்தில் இப்படியா என்று ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. தன் சின்ன நோட்டில் நாள் போட்டு எழுதிக்கொண்டார். டாக்டரைப் போனில் கூப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் மதிக்கிற பொருளை முதலில் கண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், டாக்டர். இவர் நம்மிடம் பொய் சொல்லவில்லை, நாம்தான் கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டோம் என்றார். அந்த "நாம்" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று நாளாக டாக்டரிடம் எரிந்து விழுந்தவன் நான். என் மானத்தை அந்த ஒரு வார்த்தையில் அவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் அன்று மாலையே வந்தார். தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிற, மிக மெதுவாக வளர்கிற கிருமி வகை ஒன்று உண்டாம். அதற்கு வேறு பரிசோதனை, வேறு மருந்து. சாதாரணமாக வைத்துப் பார்க்கிற நாட்களுக்குள் அது தலை காட்டாதாம். இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முளைக்க நாளெடுக்கும் விதையை ஒரு வாரத்தில் சொத்தை என்று கொட்டிவிடுகிறவர்களை நான் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன். மறுபடி மூடியைத் தூக்கிக் கழுவினார்கள், மருந்தை மாற்றினார்கள். பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் சந்தேகப்பட்ட அந்த வகைதான். கலசத் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். ஆனால் தண்ணீர் பட்டது என்று தெரிந்ததால்தான் அந்தப் பக்கம் தேடினோம் என்றார்.

விபூதிப் பொட்டலத்தை மிஸ்ஸி தூக்கிப் போடவில்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, என் பெயர் ஒட்டி, கட்டிலின் தலைமாட்டில் நான் பார்க்கிற மாதிரி மாட்டிவிட்டார். "நான் சர்ச்சுக்குப் போறவ. உங்க வீட்டுல பிறந்திருந்தா இது எனக்கும் வித்தியாசமாத் தெரிஞ்சிருக்காது" என்றார். "கும்பிட வேண்டாம்னு சொல்லல. நெத்தியோட நிறுத்துங்கோ. சாமி கோவிச்சுக்க மாட்டார்." நெற்றியோடு நிறுத்துகிறேன் என்று சொன்னேன். அரை மணியில் மறுபடி கை மேலே போனது. மடியில் கிடந்த பேப்பர் நழுவிக் காலில் பட்டுவிட, பேப்பரைத் தொட்டு ஒற்றப் போய்விட்டேன். அவர் பார்த்துவிட்டார். டிராலியிலிருந்து காகித டேப்பை எடுத்து என் இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனியில் சுற்றினார். "உங்க கை உங்க பேச்சைக் கேக்காது. இது சொரசொரன்னு இருக்கும், இமைக்கிட்ட வந்தாலே தெரியும்" என்றார். அது வேலை செய்தது. முதல் நாள் ஏழெட்டு முறை டேப் என்னைப் பிடித்தது. பிறகு குறைந்தது. தினமும் காலையில் பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவார், இத்தனை வேலைக்கு நடுவில், அதுவும் தன் வேலைகளில் ஒன்று என்பதைப் போல.

கண் மெதுவாகத் தெளிந்தது. வெள்ளைக்குள் ஒரு முகத்தின் வடிவம் வந்தது, அப்புறம் இரண்டு கண். மச்சம் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாள் மிஸ்ஸி விடுப்பில் இருந்தார். என் பெட்டிக்கு மேல் ஒரு டேப் சுருள் வைக்கப்பட்டிருந்தது, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதன் பிறகு பல மாதம் மருந்து. பரிசோதனைக்குப் போன சமயங்களில் கேட்டேன். வேறு இடத்துக்கு மாறிவிட்டார் என்றார்கள். கேக் வாங்காமலேயே போயிற்று. கருவிழியில் சிறிய தழும்பு நின்றுவிட்டது. மாலையில் தெருவிளக்கைப் பார்த்தால் வலது கண்ணுக்கு அதைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். மறுபடி மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன், பசுமைக்கூடத்தில் மறுபடி ஆவி படிகிறது. மனைவி அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேலி செய்ததில்லை. கேலி செய்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தேக்கா ஈரச்சந்தைக்குப் போயிருந்தேன். மீன் கடை முன்னால் கூட்டம். ஒரு குள்ளமான பெண்மணி வெள்ளை வாவலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செவுளைத் தூக்கி, நிறம் பார்த்து, மூக்கருகில் கொண்டுபோய், வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கடைக்காரர், "அக்கா, எல்லாம் ஃபிரெஷ்ஷு லா" என்று கெஞ்சினார். அந்த நிதானத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். அவர் திரும்பினார். மாஸ்க் இல்லாத அந்த முகத்தை எனக்குத் தெரியாது. ஆனால் இடது புருவத்துக்கு மேல் மிளகு அளவில் ஒரு மச்சம். என் கை தானாக எழுந்து என் இடது கண்ணை மூடியது. வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். மச்சம் இருந்தது. அதன் ஓரத்தில் இருந்த ஒற்றை நரைமயிர்கூடத் தெரிந்தது.

"தெரியுது மிஸ்ஸி" என்றேன்.

ஒரு கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சந்தை நடுவில் நிற்கிறவனை அவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு அந்தக் கண்கள் சுருங்கிச் சிரித்தன. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஐயோ, மீன் கை லா! மீன் கை!" என்று அலறினார். கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர்க் குழாயை நீட்ட, "அந்தத் தண்ணி வேண்டாம்!" என்று அவரையும் சேர்த்துத் திட்டினார். என் முகவாயைத் தன் மணிக்கட்டால் தூக்கி, கடை விளக்குப் பக்கம் திருப்பினார். "மேல பாருங்கோ. இமைக்க வேண்டாம்" என்றார். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்க்க, நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பைப் பார்த்தார். "இத்தனை சொல்லியும் நெத்தியோட நிறுத்தல பாருங்கோ" என்றார். பக்கத்துக் கடையில் கேக் இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவச் சொன்னார்.

கழுவினேன். அன்று மாலை விளக்கேற்றும்போது, குங்குமச் சிமிழுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவிலிருந்து டேப்பை எடுத்து இரண்டு துண்டு கிழித்து விரலில் சுற்றினேன். கற்பூர அனலைத் தொட்டு நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதைக் காலையிலேயே ஒற்றிக்கொண்டாயிற்று.